சாக்கின் மறுமுனை

இரவு பதினொன்றரை. நாரின் நகரத்திலிருந்து ஊருக்கு வரும் மலைச்சாலை. பனிக்குப் பயந்த வாடகைக் கார் பாதியிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. தொக்தோசுன் தனியாக நடந்துகொண்டிருந்தார். கையில் சாக்கு. அதற்குள் பழைய சோவியத் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் கிராங்க் தண்டு... கனத்த இரண்டு இரும்புச் சக்கரங்கள், நடுவே அவற்றைச் சேர்க்கும் புதுப் பின்.

“செத்த வண்டிக்கு உசிரு குடுக்கப் போறீங்களாக்கும்?” என்று லேத் பட்டறைக்காரன் கேலி செய்திருந்தான். மனைவி இறந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை அந்த வண்டிதான். மகள் ஜிபார் மாஸ்கோவில்.

இடுகாட்டைத் தாண்டும்போது விரல்கள் ஓய்ந்துபோயின. சாக்கைக் கீழே வைத்தார்.

“யாராச்சும் ஒரு கை பிடிச்சா நல்லாயிருக்கும்,” என்றார், வாய்விட்டு.

மறுபடி தூக்கினார்... பாதிக் கனம்தான் இருந்தது. சாக்கின் மறுமுனை இடுப்பு உயரத்தில் தானாக நின்றது. பெட்ரோலும் நனைந்த ஆட்டுத்தோலும் கலந்த வாடை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தார். வீட்டு வாசலில் கனம் திரும்பி வந்தது.

மறுநாள் சமையலறை மேசையில் கிராங்கைத் தாங்கிகளில் ஏற்றிச் சுழற்றினார். கோணல். சக்கரத்தைத் தொட்டு நின்ற அளவுமானியின் முள் ஆடியது. செப்புச் சுத்தியலால் தட்டினார், சுழற்றினார், தட்டினார். முள் நிற்கவில்லை. அலுத்துப்போய்ப் படுத்தார்.

இருட்டில், சமையலறையிலிருந்து... டங்.

நிசப்தம். சக்கரம் உருளும் மெல்லிய கரகரப்பு.

டங்.

போர்வைக்குள் அசையாமல் கிடந்தார். காலையில் சுழற்றிப் பார்த்தால், முள் இம்மியும் அசையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பார்கள். தொக்தோசுன் பகல் முழுக்க அந்தக் கிராங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்தது. இனி அந்தச் சத்தம் வராது... சாயங்காலம் சுத்தியலை எடுத்தார். ஓங்கி ஒரே அடி. முள் மறுபடி ஆடியது.

அன்றிரவும் வந்தது. குளிர்காலம் முழுக்க வந்தது. பகலில் இவர் கெடுப்பார், இரவில் அது சரிசெய்யும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம்.

பனி உருகத் தொடங்கியதும் ஜிபார் அவரைக் கூட்டிப்போக வந்தாள்.

“இந்த இரும்பைக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு ஒண்டியா கெடப்பீங்க? என்கூட வாங்கப்பா.”

“வேலை முடியலம்மா.”

அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில் தனியாகவே கிளம்பினாள். கார் வளைவில் மறையும்வரை அவர் வாசலில் நின்று கையசைத்தார்.

மாஸ்கோ போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். குரலில் கோபமே இல்லை.

“இப்ப எனக்குக் கவலை இல்லப்பா. உங்க சிநேகிதரை மொதல்லயே காட்டியிருக்கலாம்ல?”

“எந்தச் சிநேகிதர்?”

“நல்லா நடிக்கிறீங்க. கார்ல இருந்து திரும்பிப் பாத்தேனே... உங்க பக்கத்துல, தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னாரே.”

அவர் கை தோளுக்குப் போனது. கார் போன அன்றிலிருந்தே இடது தோள் மரத்துத்தான் கிடந்தது... குளிர் என்று நினைத்திருந்தார்.