வெண்டல் நகர்த்திய கொடிகள்

கொடிகள் இளஞ்சிவப்பில் இருப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, ஷெரீப். வடக்கு மின்னசோட்டாக் காட்டில் வேறெதுவும் அந்த நிறத்தில் இருக்காது, அவ்வளவுதான்.

ஈரநிலம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துக் கொடி நடுவதுதான் என் வேலை. மண்ணைத் துளைக்கும் துருவியை இறக்கி அடிமண்ணை எடுத்துப் பார்ப்பேன். பழுப்பாக இருந்தால் காய்ந்த நிலம். சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் தெரிந்தால் அங்கே தண்ணீர் குடியிருக்கிறது. சுற்றிலும் என்ன செடி நிற்கிறது என்றும் பார்த்துவிட்டு, துளைக்குப் பக்கத்திலேயே கொடியைக் குத்துவேன். எங்கள் ஊர்ச் சதுப்பில் ஒரு வம்பு உண்டு. அடியில் ஏரி, மேலே பாசி மெத்தையாக மிதக்கும். மனிதன் நடந்தால் தாங்கும், வண்டி ஏறினால் விழுங்கிவிடும். அதனால் உண்மையான விளிம்புக்கு முன்னாலேயே சில எட்டு இடைவெளி விட்டு, கெட்டித் தரையில் கொடி நடுவது எங்கள் வழக்கம். எழுதி வைத்த விதி இல்லை. வண்டி ஓட்டுகிறவன் வீடு திரும்ப வேண்டுமே என்றுதான்.

இந்த வழக்கம் வெண்டல் ஸ்ட்ராண்டுக்கு நன்றாகத் தெரியும். ஏரிக்கரையில் மனை போட்டு விற்கிறவர் அவர். ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கொடிகளைப் பிடுங்கி, சதுப்புப் பக்கமாக நகர்த்தி நட்டுவிடுவார். மனை கொஞ்சம் பெரிதாகும். ஒருமுறை பேராசை முற்றி, அதிகமாகவே நகர்த்திவிட்டார். அன்று அவருடைய புல்டோசரை ஓட்டியவர் என் கணவர் அர்வோ. சக ஆட்கள் தயங்கியபோது, "எம் பொண்டாட்டி நட்ட கொடிடா, கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

வண்டியோடு மூழ்கிய அவரைப் பிணமாக வெளியே இழுப்பதற்குள் கொடிகளெல்லாம் சேற்றோடு மிதிபட்டுப்போயின. ஹில்மா கொடிக் கோட்டைத் தப்பாகப் போட்டுத் தன் புருஷனையே முழுங்கக் கொடுத்தாள் என்று ஊர் பேசியது. பனி உருகியதும் நான் போய்த் தேடினேன். என் துருவித் துளைகள் வரிசையாக, கெட்டித் தரையிலேயே இருந்தன. உங்களுக்கு முன்பு ஷெரீப்பாக இருந்தவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். எலி வளை என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, வெண்டல் என் தோளில் கை வைத்து, ஊரே கேட்க, "கை தவறுறது எல்லாருக்கும் நடக்குறதுதான், ஹில்மா. உன்ன மன்னிச்சாச்சு" என்றார். என் வயிறு எரிந்தது. இன்றுவரை அணையவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் புது மனைக்குக் கோடு போட என்னைத்தான் கூப்பிட்டார். பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. போதாததற்கு, எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்த பெருந்தன்மை என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர் வேறு. நான் ஒத்துக்கொண்டேன். வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. விளிம்பு எங்கே இருந்ததோ அங்கேயே நட்டேன். வழக்கமாக விடும் அந்தச் சில எட்டு இடைவெளியை மட்டும் இந்த முறை விடவில்லை. விடவில்லை என்பதை அவரிடம் சொல்லவும் இல்லை.

வேலை தொடங்கிய அன்று காலையில் போய்ப் பார்த்தேன். கொடிகள் நகர்ந்திருந்தன. என் துளைகள் ஒரு பக்கம், கொடிகள் பாசி மெத்தையின் மேல்.

அர்வோவுக்குப் பிறகு வெண்டலின் வண்டியில் ஏற ஊரில் யாரும் தயாராக இல்லை. அவர் மகன் கோரிதான் ஓட்டுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அர்வோவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் அவனும் ஒருவன்.

கொடிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினான்.

"ஹில்மா ஆன்ட்டி, தரை லேசா ஆடுற மாதிரி இருக்கு. போலாமா?"

நான் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"கொடிக்கு இந்தப் பக்கம்தானப்பா இருக்க. போ" என்றேன்.

நான் சொன்னதால் போனான். சத்தம் பெரிதாக இல்லை. பாசி கிழிந்தது, மஞ்சள் வண்டி மெதுவாக முன்பக்கம் சாய்ந்தது, தண்ணீர் மூடிக்கொண்டது. காப்பி அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

வெண்டல் ஓடிவந்து பாசியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அதைப் பிய்த்தார். அவர் களைத்து உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு தோளில் கை வைத்து, "கை தவறுறது எல்லாருக்கும் நடக்குறதுதான், வெண்டல். உங்கள மன்னிச்சாச்சு" என்றேன்.

ஆமாம், அவன் சாவான் என்று தெரிந்துதான் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோடு தப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஷெரீப். ஆளை அனுப்பித் துளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் யாருக்கும் எந்தத் தீங்கும் வராதபடிதான் எப்போதும் கோடு போடுவேன்.