சிரிச்சா மூடிக்கிற கண்ணு

எனக்கு மட்டும் கரண்ட்ட நிறுத்திட்டாங்க சார், இன்னா நியாயம் இது? உங்களுக்கு இன்னிக்கு மொத நாளு. ஜம்முனு கன்னத்துல ரெண்டு பேடு ஒட்டி, மிஷினப் போட்டு, சாய்ஞ்ச மேனிக்கு உக்கார வச்சிட்டுப் போயிட்டாங்க. மூணு மாசமா நடையா நடக்கறவன் நானு, எனக்கு இன்னா? கையில ஒரு கண்ணாடி! "சிட்டிபாபு சார், கண்ணாடியப் பாத்து மெதுவா சிரிங்க, கண்ணு மூடாம சிரிங்க"ன்றாங்க. என் மூஞ்சியப் பாத்து நானே எவ்ளோ நேரம் சார் சிரிக்கிறது?

அய்ய, நீங்க பேசாதீங்க! மிஷினு ஓடும்போது வாய அசைக்கக் கூடாது. நம்மள பாக்கற பிசியோ டாக்டரு தேவதர்ஷினி மேடம் உள்ள போன்ல கீறாங்க, வந்தா என்னியதான் திட்டுவாங்க. நான் பேசறேன், நீங்க சொம்மா கேளுங்க.

உங்களுக்கும் அப்டிதானே? காத்தால வாய் கொப்புளிச்சா தண்ணி ஒரு பக்கமா ஒழுகியிருக்குமே? எனக்கும் அதேதான். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிட்டு ட்ரெயின்ல ஜன்னலோரமா வந்தேன், மறுநாளு பாத்தா பாதி மூஞ்சி என்னுதே இல்ல. எங்க வூட்டுக்காரி செல்லியம்மா கீதே... "இன்னாய்யா, காலங்காத்தால யாருக்கு அழகு காட்ற?"ன்னு கேக்குது! டாக்டரு பாத்துட்டு, பக்கவாதம்லாம் இல்ல, மூஞ்சிக்குப் போற நரம்பு வீங்கிக்கினு கீதுன்னு மாத்திரை குடுத்து இங்க அனுப்பினாரு. குத்தறது இல்ல, அறுக்கறது இல்ல. மேலால ஒட்டி லேசா கரண்ட்டு, அவ்ளோதான்.

மூஞ்சி வந்துச்சு சார், இல்லன்னு சொல்லல. ஆனா எப்டி வந்துச்சு? வாய் சிரிச்சா இந்த வலது கண்ணும் கூடவே மூடிக்குது. தோ பாருங்க... ஈ... பாத்தீங்களா? நரம்பு திரும்பி வளரும்போது வாய்க்குப் போறது வழி மாறி கண்ணுக்கும் போயிட்ச்சாம்.

வேற ஒருத்தனுக்கு இது ஒரு வெசயமா? நான் கல்யாணத் தரகரு சார்! தாம்பரத்துலேந்து செங்கல்பட்டு வரைக்கும் சிரிச்சே ஜோடி சேத்தவன்.

போன ஞாயித்துக்கெழம சிட்லபாக்கத்துல பொண்ணு பாக்கப் போனோம். ஏரிக்குப் பக்கத்துல, ரிட்டையர்டு வாத்தியாரு வூடு. பையன் மோகன்ராஜு, மறைமலை நகர்ல காரு கம்பெனி வேலை. தங்கம் சார்! முப்பது வருசத்துல நான் ஒரு சொட்டு பொய் கலக்காம எடுத்துக்கினு போன ஒரே ஜாதகம் இதுதான். பஜ்ஜி வந்துச்சு, காப்பி வந்துச்சு. பொண்ணோட அம்மா சாவித்ரி அம்மா மெதுவாக் கேக்கறாங்க, "பையனுக்கு... குடிப்பழக்கம் எதுவும்..." "சீச்சீ! சோடா குடிச்சாக்கூட ஏப்பம் வுட வெக்கப்படற புள்ளைம்மா"ன்னு வாய் நெறைய சிரிச்சேன்.

கண்ணு மூடிக்கிச்சு.

எடுத்த பஜ்ஜியத் திரும்பத் தட்டுலயே வச்சிட்டாங்க சார். வாத்தியாரு தொண்டையக் கனைச்சிக்கினு, "வேற... பொம்பள சகவாசம்?"ன்றாரு. "அய்யய்யோ, பொண்ணுங்க எதிர்ல தலையே நிமிர மாட்டான் சார்"னு சிரிச்சேன். மறுபடியும் மூடிக்கிச்சு! பையனோட அம்மா எழுந்துட்டாங்க. "யோவ் தரகரே, யாருக்குய்யா சைகை காட்ற?" பதறிப்போய் அந்தம்மா பக்கம் திரும்பி, சமாளிக்கலாம்னு சிரிச்சேன் பாருங்க... பக்கத்துல அவங்க வூட்டுக்காரரு வேற உக்காந்துகினு கீறாரு. பேஜாராப் போச்சு.

வாத்தியாரு கடைசில சொல்லிட்டாரு. "வர்ற ஞாயித்துக்கெழம வந்து, இதே வார்த்தைய கண்ணடிக்காம சொல்லுங்க. அப்பறம் பேசலாம்." இன்னும் நாலே நாளு. அந்தப் புள்ளைக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்கு சார். தெனம் போன் பண்ணி, "அண்ணா, கண்ணு எப்டி இருக்கு?"ன்னு கேக்குது. அழுதுடுவான் போலக் கீது.

சிரிக்காம சொல்ல வேண்டியதுதானேன்னு பாக்கறீங்களா? அய்ய! சிரிக்காத தரகரு வாசல்ல வந்து நின்னா எழவு சொல்ல வந்தவன்னு நெனச்சிக்குவாங்க சார். அதுவும் இல்லாம... சிரிக்காம எனக்குப் பேச்சே வராது.

மேடத்தக் கேட்டா, "நீங்களா இழுத்து வச்சிக்கிட்டது"ன்றாங்க. நான் இன்னா பண்ணேன்? வூட்டுக்கு ஒரு மிஷினு குடுத்தாங்க. இருவது நிமிசம் வைங்க, உதடு லேசா துடிச்சாப் போதும்னாங்க. ஆவணி முகூர்த்தம் வருது, இருவது நிமிசம் எந்த மூலைக்கு? நல்லதுதானே, கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கட்டும்னு... மூணு சீரியல் முடியற வரைக்கும் போட்டுக்கினேன். மிஷின்ல கரண்ட்ட ஏத்தற திருகு கீதே, அத்த கடைசி கோடு வரைக்கும் வச்சிட்டேன். பல்லு ஆடுது, காது ஆடுது! செல்லியம்மா டீவியப் பாக்கறத வுட்டுட்டு என்னியப் பாக்க ஆரம்பிச்சிட்ச்சு. அதுதான் சார் இங்க வந்து போட்டுக் குடுத்துது. இன்னொரு வாட்டி மிஷின்ல கை வச்சா, இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு மேடம் கறாரா சொல்லிட்டாங்க.

ஆமா, உங்களுக்கு எத்தினி வச்சிருக்காங்க? அட, எறும்பு ஊர்ற மாதிரிதானே இருக்கும் இதுல? இப்டி வச்சா உங்க மூஞ்சி எந்தக் காலத்துல வரும்? இருங்க, ஒரு கோடு ஏத்தறேன், பயப்படாதீங்க... தோ, உதடு துடிக்குது பாருங்க! கண்ணாடியப் பாருங்க! சொன்னேன் இல்ல? இன்னும் ஒரே கோடு... சார்? இன்னா சார், கண்ணுல தண்ணி? சந்தோசமா? அய்யோ, பிச்சிக்கினு எழுந்துக்காதீங்க! ஒயரு, ஒயரு பாத்து! சார்... ஒரு காலு செருப்ப வுட்டுட்டுப் போறீங்க சார்!

வாங்க மேடம்... அவுரா? பஸ்ஸுக்கு டைம் ஆயிட்ச்சாம், பூட்டாரு. மிஷினா? யாரு, நானா? சத்தியமாத் தொடல மேடம்! தள்ளி நின்னுதான் பேசிக்கினு... அய்ய, இல்ல மேடம், உங்களப் பாத்துக் கண்ணடிக்கல! சிரிச்சேன் இல்ல, அதான்... அய்யோ, மறுபடியும் சிரிச்சிட்டேனே! மேடம், ஞாயித்துக்கெழம வரைக்கும் மட்டும் தொரத்தாதீங்க மேடம்...

இன்னா? மிஷினத் தொடலன்னு சிரிக்காம சொல்லணுமா?

சரி... சிரிக்காம...

ரெண்டு கோடு மேடம்.