ஏழாம் எண் கிணறு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் அறிவியல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றை, 2007ஆம் ஆண்டு மார்ச் மாதமாகிய இந்நாளில் உலகத்தார்க்கு அறியத் தருகிறேன்: வேதியியல் பேராசிரியர் பாலசுந்தரமாகிய என்னுடைய கட்டுரைகள் நூற்றுப் பன்னிரண்டு முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன. வேதியியல், வேளாண்மை, நீரியல், குழந்தை மருத்துவம் என்று நான்கு துறைகளில். கல்லூரியில் சால்வை போடுகிறார்கள். விழா மலருக்காக, எப்படி வளர்ந்தேன் என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். உட்கார்ந்தேன், இதுதான் வந்தது. மலருக்கு வேறு ஏதாவது எழுதிக்கொள்ளலாம்.

2001 வரை என் கட்டுரைகள் பதினொன்று, மேற்கோள்கள் ஒன்பது. அதில் ஆறு, என்னை நானே காட்டியது. மீதி மூன்று, நான் யாரைக் காட்டினேனோ அவர்கள் திருப்பி வைத்த மொய்.

அந்த வருஷம்தான் சுண்ணாம்புச் சுரங்கங்களைச் சுற்றியுள்ள பதினைந்து கிணறுகளை ஆராயும் திட்டம் கிடைத்தது. தண்ணீர் பிடித்துவர, பாட்டில் கழுவ, வளர்மதி என்ற பெண்ணைத் தினக்கூலிக்கு வைத்தேன். பிளஸ் டூ படித்தவள். முழுகாமல் இருந்தாள். ஏழு மாத வயிற்றோடு கூடையில் பாட்டில்களை அடுக்கி பஸ்ஸில் வருவாள், ஒன்றுகூட உடைந்ததில்லை.

பதினாலு கிணறுகள் என் வரைபடத்தில் ஒழுங்காகக் கோட்டில் உட்கார்ந்தன. ஏழாம் எண் மட்டும் உட்காரவில்லை. நைட்ரேட் என்ற உப்பு லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஏழில் முந்நூற்று நாற்பது. கிணற்றை ஒட்டி உரக்குழி. கோட்டில் உட்காராத புள்ளியை எடுத்துவிடுவதை எங்கள் தொழிலில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மீசையில் ஒரு நரைமுடியைப் பிடுங்குகிற மாதிரி. பிடுங்கினேன். இவ்வட்டாரக் கிணற்று நீர் குடிக்க உகந்தது என்று முடித்தேன்.

ஏழாம் எண், வளர்மதியின் தெருக் கிணறு.

"சார், எங்க தெரு ரிசல்ட்டு என்னாங்க? பாஸா பெயிலான்னு வூட்ல அத்தை தெனம் கேக்குது."

"இன்னும் வரலம்மா."

கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. சொன்னால் அவள் ஊரில் சொல்வாள், ஊர் கலெக்டர் ஆபீசில் சொல்லும், கலெக்டர் ஆபீஸ் என் கட்டுரையைப் படிக்கும். கட்டுரையைப் பிறர் படிப்பது எவ்வளவு ஆபத்து என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். தவிர, அந்தத் தண்ணீர் பெரியவர்களை உடனே ஒன்றும் செய்துவிடாது. கைக்குழந்தைகளுக்குத்தான் ரத்தத்தில் பிராணவாயு ஏறாது. அதுவும் தாய்ப்பால் குடிக்கிறவரை பயமில்லை. எல்லாவற்றையும் யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன்.

அக்டோபரில் பெண் பிறந்தது. தேவயானி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சுற்றுக்குத் தண்ணீர் பிடிக்க ஆள் இல்லாததால் நாற்பதாம் நாளே வளர்மதிக்குச் சொல்லி அனுப்பினேன். பகலில் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று தயங்கினாள். பால் பவுடர் டின் நானே வாங்கிக் கொடுத்தேன்.

"கெணத்துத் தண்ணில கலக்கலாங்களா சார்?"

"நல்லாக் கொதிக்க வெச்சுக் கலக்கச் சொல்லும்மா."

மூன்றாம் வாரம் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தது. மாமியார் கொளஞ்சியம்மாள் தெருவெல்லாம் தூக்கிக் காட்டினாளாம்: "கல்லங்குறிச்சிப் பெருமாளு நெறம்டி எம் பேத்தி. கண்ணு வெக்காதீங்கடி." இதை வளர்மதி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். நாலாம் நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பஸ்ஸிலேயே முடிந்துவிட்டது.

கிணற்றை மூடச் சொன்னது நான்தான். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. அந்தச் சாவை ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். வெளிநாட்டுக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. நூற்று மூன்று மேற்கோள்கள் அதற்கு வந்தவை. கிணற்றுக் கட்டுரையை இன்றுவரை ஒருத்தரும் சீண்டவில்லை.

ஒன்றரைப் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆய்வகத்தில் மாட்டியிருக்கிறேன். வளர்மதிதான் தினமும் துடைக்கிறாள். போன வாரம் துணியும் கையுமாக நின்றுவிட்டாள்.

"சார், ஏழுன்னு போட்டிருக்கே, எங்க தெரு பாட்டிலுங்களா? ஆகஸ்ட்டு பதினாலுன்னு இருக்கு. பாப்பா பொறந்தது அக்டோபருங்க. அப்பவே ரிசல்ட்டு வந்துருச்சா?"

இதழ்களுக்குத் தேதியில் நான் பொய் சொன்னதே இல்லை. "அது தண்ணி புடிச்ச தேதிம்மா" என்றேன்.

"அதான பாத்தேன். நீங்க சொல்லாம இருப்பீங்களா?" கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தாள். "நீங்கதான் கொதிக்க வெக்கச் சொன்னீங்க. அத்தைதான் அவசரத்துல பச்சத் தண்ணிய ஊத்திருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கொதிக்க வெச்சேன்னு சாமி மேல சத்தியம் பண்ணுது. யாரு நம்புவா? அஞ்சு வருசமா அதுகிட்ட நான் ஒரு வார்த்த பேசறதில்லைங்க சார்."

"வயசானவங்க. விட்டுரும்மா."

"உங்களுக்கு இருக்கற மனசு எனக்கு இல்லீங்க சார்."

கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். நைட்ரேட் போகாது, இன்னும் கூடும். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இருபத்தாறு வருஷமாக நான் நடத்துகிற பாடம் அது.