பார்க்காமல் வந்த வாவி

கண்டியிலிருந்து ஊர் திரும்பும் பஸ் ஏறாவூரைத் தாண்டும்போது முன் சீட்டுப் பெண் கணவரிடம் சொன்னார்:

"ரெண்டு நாள் கண்டியில நிண்டு, கடை கடையா ஏறி, கண்டி வாவியப் பாக்காம வாற ஆக்கள் நாமதான்."

"பெரிய கடை வேணாம், சின்னக் கடைக்குப் போவம் எண்டு நீயும்தானே சொன்ன."

"சொன்னன். நீங்க பூந்த கடையெல்லாம் முதலாளி நம்மட காத்தான்குடி ஆள். யூனிவர்சிட்டியும் பாக்கல்ல. ரெண்டு நாளும் ஊர்க்கதை."

"ஊராக்களக் கண்டா கதைக்காம வாறதா?"

"அத நம்மட ஊட்டுல இருந்தே கதைச்சிருக்கலாம்."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்த உடுப்புக்கடை முதலாளி வாற சனிக்கிழமை குடும்பத்தோட நம்மட ஊட்டுக்கு வாறார். தோணியில ஏத்தி நம்மட ஊர் வாவியச் சுத்திக் காட்டுறன் எண்டிருக்கன்."

"என்னைய ஒருநாளாவது தோணியில ஏத்திருக்கீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்ப சனிக்கிழமை நான் சமைக்கல்ல. நானும் விருந்தாளி."