மூன்று பூட்டுப் போட்ட பங்குகள்

மேனாம்பேடு, நான்காவது குறுக்குத் தெரு, கதவு எண் 17இல் வசிக்கும் ஏகாம்பரம் மகன் கோதண்டம், வயது 62, ஆகிய நான் காவல் நிலையத்திற்கு நானாகவே வந்து சொன்னது என்னவென்றால்:

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கூட வேலை பார்த்த வேலுசாமியும் துலுக்கானமும் நானும் 2021ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவரவர் பெயரில் சாஃப்ட்வேர் கம்பெனிப் பங்குகள் வாங்கினோம். பத்து வருடம் விற்பதில்லை என்று பேசிக்கொண்டோம். "பத்து மடங்கு ஆகும்" என்று கேன்டீனே கேட்கும்படி நான் சொன்னது உண்மை. "நடுவில் பாதியாகவும் விழும்" என்பதை அவர்கள் வாங்கி முடித்த பிறகு மெல்லிய குரலில் சொன்னதும் உண்மை. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

அதன் பின் விலை இறங்கிய நாளெல்லாம் வேலுசாமி எனக்குப் போன் செய்து, "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கும் செவப்பாவே கீது?" என்று கேட்டு வந்தார். நான் குளிக்கும்போதும் விடவில்லை. தொழிற்சாலையில் ஒரு மெஷினைப் பழுது பார்க்கும்போது வேலை செய்கிற ஒவ்வொருவரும் சுவிட்சில் தன் பூட்டைப் போடுவோம். கடைசிப் பூட்டு கழன்றால்தான் மெஷின் ஓடும். பயந்து யாரும் நடுவில் விற்றுவிடக் கூடாதென்று, அதே முறைப்படி, பங்குக் கணக்குக்கென்று வாங்கிய மூன்று சிம் கார்டுகளையும் ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து, ஆளுக்கொரு பூட்டுப் போட்டு, என் வீட்டு மொட்டை மாடி அறையில் வைத்தோம். சிம் இல்லாமல் ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் விற்க முடியாது.

நேற்று முன்தினம் விலை படுமோசமாக விழுந்தது. நேற்று காலை பத்தரை மணிக்கு நான் மீன் வாங்கப் போயிருந்தபோது, வேலுசாமி கட்டிங் மெஷினுடன் வெளிப் படிக்கட்டு வழியாக மாடிக்குப் போயிருக்கிறார். பாதுகாப்பு விதி ரத்தத்தில் ஊறியவர் என்பதால் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, முகமூடி எல்லாம் போட்டிருந்தார். தீப்பொறி பறப்பதைப் பார்த்த என் மருமகள் பவ்யா, யாரோ திருடன் என்று நூறுக்குப் போன் செய்துவிட்டாள். நான் திரும்பியபோது ரோந்து வண்டியில் வேலுசாமி கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

அதன் பின் பெட்டியைப் பார்த்தேன். அவருடைய பூட்டு மட்டும் அறுபட்டிருந்தது. மனம் மாறிவிடும் என்று பயந்து அதன் சாவியை அவரே பூட்டிய அன்றைக்கே அம்பத்தூர் ஏரியில் வீசியிருந்தார். மற்ற இரண்டு பூட்டுகளிலும் ஒரு கீறல்கூட இல்லை. ஏன் நிறுத்தினாய் என்று வண்டியிலிருந்த வேலுசாமியிடம் கேட்டேன். "அடுத்தவன் பூட்டுல கைய வெச்சா வேல பூடும்ல? உங்க ரெண்டு பேரு சாவியவும் வாங்கலாம்னு குந்திகினு இருந்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம்தான் இருக்கிறது. திருட்டு வழக்கு என்றால் சஸ்பெண்ட் ஆகிவிடுவார். இவர் திருடர் இல்லை, வழக்கு வேண்டாம் என்று நானும் பவ்யாவும் கேட்டுக்கொள்கிறோம்.

அதன் பின் இன்று இங்கேயே, சார்பு ஆய்வாளர் முன்னிலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியையும் என் சாவியையும் துலுக்கானம் கொடுத்தனுப்பிய சாவியையும் மேஜை மேல் வைத்து, வேண்டுமானால் இப்போதே விற்றுக்கொள் என்று வேலுசாமியிடம் சொன்னேன். "பத்து மடங்கு ஆவாதா?" என்றார். தெரியாது என்றேன். "அஞ்சு?" அதுவும் தெரியாது, போட்டதுகூடக் குறையலாம் என்றேன். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் முறை.

"இத மொதல்லயே சொல்லிருந்தா நான் ஏன் தெனம் போன் பண்ணப் போறேன்?" என்று திட்டிவிட்டு, எதிர்க் கடைக்குப் போய்ப் புதிய பூட்டு ஒன்று வாங்கி வந்து, பெட்டியை அவரே பூட்டினார்.

மேலே எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) ஏ. கோதண்டம்