எட்டுப் பொத்தான்

ஓட்டுநர் பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வருபவர்கள் முதல் நாள் அதைக் கவனிப்பார்கள். ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். தாங்களே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டால்தான் கை நடுங்காது. என் தொழிலில் இது பொய் இல்லை, பாடம்.

சகலைக்குப் போக்கர் சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்ததும் இப்படித்தான். அவர் என் மனைவியின் தங்கை கணவர், மருந்துக்கடை வைத்திருக்கிறார். டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டு ஊற்றமாட்டார், குறைக்கவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஆடுவோம். பணம் கிடையாது. என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஆளுக்கு நூறு பொத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போட்டுக்கொள்வோம். பிறகு இருவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசைமேல் விரியும். கைச்சீட்டோடு சேர்த்துப் பெரிய சேர்க்கை யாருக்கோ அவருக்கு ஜெயம். பந்தயத்துக்கு வரம்பு இல்லை. மனசு வந்தால் கையில் இருப்பதையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளலாம்.

முதல் இரண்டு சீட்டே ஜோடியாக வந்தால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் எந்தச் சீட்டுக்கும் ஒரே அளவுதான் வைப்பார்கள். அப்போதுதான் உள்ளே இருப்பது எதிராளிக்குத் தெரியாது. புதிதாகப் படிப்பவரிடம் எடுத்த எடுப்பில் இதைச் சொன்னால் குழம்புவார். அதனால் அவருக்குப் பழகிய பாஷையில் சொன்னேன். சாதாரணச் சீட்டுக்கு மூன்று பொத்தான், நடுத்தர ஜோடிக்கு ஐந்து, ராஜா ஜோடிக்கும் ஏஸ் ஜோடிக்கும் எட்டு.

"ஏஸ் ஜோடி வந்துட்டா மட்டும் கடைசி வரைக்கும் விடாதீங்க, சகலை."

அன்றிலிருந்து அளவு தப்பவில்லை. அவர் எட்டு வைத்தால் முகத்தைப் பார்க்க வேண்டிய வேலைகூட எனக்கு இல்லை.

எங்கள் மாமனார் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டபோது, தேறும்வரை என்று கட்டிலோடு எங்கள் கூடத்துக்கு வந்தார். காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் மாணவர்கள் ரிவர்ஸ் எடுப்பதைக் கேலி செய்வார். இனி தனியாக இருக்க முடியாது என்று தெரிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீடு தரைத்தளம். சகலை வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. நான் பின்னறையைத் திறந்து காட்டினேன். சீட்டு மேசை போக அங்கே கட்டிலுக்கு இடம் போதாது. மேசையை எடுத்துவிடலாமே என்றாள் மனைவி. எடுக்கலாம்தான். ஆனால் சகலைக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு பொழுதுபோக்கு இல்லை. நான் யோசித்தது அவருக்காக.

அப்பாவை வைத்து அக்காவும் தங்கையும் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தில் முடிவு செய்துகொள்ளலாம், தோற்பவர் வீட்டுக்கு மாமா என்றேன். மாமா காதில் விழுமே, ஜெயிப்பவர் வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளலாமா என்றார் சகலை. அப்படி வைத்தால் ஜெயிக்க யாரும் முயலமாட்டோம் என்று எடுத்துச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

மாமாவும் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து நிலைப்படியில் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

சகலை மூன்று வைத்தபோதெல்லாம் நான் பெரிதாக வைத்து மிரட்டினேன். அவர் ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கீழே போட்டுவிட்டார். எட்டு வைத்தபோது ஒதுங்கிக்கொண்டேன். அவர் பொத்தான்கள் மெல்லக் கரைந்தன. பிறகு மறுபடியும் எட்டு வைத்தார். என் கையில் இரண்டு ஐந்து. உள்ளே இருப்பது தெரிந்த பிறகு, எட்டுப் பொத்தான் கொடுத்து மேசைச் சீட்டைப் பார்ப்பது லாபம். முதல் மூன்று சீட்டில் இன்னொரு ஐந்து விழுந்தது. மூன்று ஐந்துக்கு முன்னால் ஏஸ் ஜோடி எடுபடாது. ஆனாலும் அவர் விடவில்லை. கடைசிப் பொத்தான் வரை தள்ளினார்.

"சொன்ன மாதிரிதானே ஆடினேன், சகலை? எங்க தப்பு?"

"தப்பே இல்ல. அதிர்ஷ்டம்."

மறுநாள் மாமாவை நாற்காலியோடு தூக்கிப் போனோம். முன்னால் சகலை, பின்னால் நான். படியேறும்போது பாரம் பின்னால் இருப்பவனுக்குத்தான் அதிகம். அதை யாரும் சொல்வதில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கிவைத்தோம். கதவைத் திறக்கச் சகலை மேலே போனார். மாமா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஏஸ் வந்தா எட்டு வைக்கணும்னு அவருக்குச் சொல்லிக்குடுத்தது யாரு, மாப்பிள்ளை?"

"நான்தான், மாமா."

இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"நல்ல வாத்தியார்," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. காற்றோட்டமான வீடு, இறங்க அவசியமும் இல்லை. அவ்வப்போது போன் செய்து, இந்த வாரம் நம் கேட்டில் யார் இடித்தார்கள் என்று விசாரிப்பார். அவருடைய கட்டில்தான் அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில் நுழையவில்லை. திருப்பிக் கொண்டுவந்து பின்னறையில் போட்டேன், மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே. கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆட்டம் நீண்டுவிட்டால் சகலை அதில்தான் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறார்.