ஜங்லிகாட் முக்கில் எண்ணிய ஆட்கள்

மாலை ஏழு மணி. மெயின்லேண்டில் அப்போதுதான் விளக்குப் போடுவார்கள். நம் தீவில் அந்நேரம் நல்ல இருட்டு... உங்களுக்குத் தெரியாததா? கிட்ட வந்து உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள்.

இது நம் தெரு நந்தகுமாரின் மச்சான் முருகானந்தத்துக்கு நடந்தது. கப்பல் நிற்கும் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவன். ஜங்லிகாட்டில் மேட்டுச் சாலை இறங்கிக் கடைவீதியில் முட்டுகிறதே, அந்த முக்கு. அவன் மகள் பிரியங்கா டியூஷனுக்குப் போக அதைத்தான் கடக்க வேண்டும். ஒருநாள் டிப்பர் லாரி ஒன்று அவள் புத்தகப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனது. பையைத்தான்... பிள்ளை தப்பியது. அன்றிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக ஏறினான். இங்கே ஒரு சிக்னல் வையுங்கள் என்று கெஞ்சினான். கடைசியில் கணக்கெடுக்க ஒத்துக்கொண்டார்கள். கூலிக்கு ஆள் தேடியபோது அவனே போய் நின்றான்.

கேட்டதும் சிக்னல் வைத்துவிட மாட்டார்கள். அங்கே அத்தனை பேர் கடக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பார்கள். இந்தப் பக்கம் சாலையில் இறங்குகிற ஆளுக்கு முருகானந்தம் கையிலிருந்த எண்ணும் கருவியை ஓர் அழுத்து அழுத்துவான். டிக். எதிர்ப்பக்கம் ஏறும்போது, கூலிக்கு வந்த இன்னொரு பையன் பிரவீன்குமார் ஓர் அழுத்து. டிக். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு செல்லும்.

கடைசி நாள் இன்ஜினியர் ஸ்கூட்டரில் வந்து பார்த்தார்.

"நம்பர் கம்மி, பாய். இன்னிக்குள்ள கணக்கு பூரா ஆகலைன்னா சிக்னல் கிடையாது. டீக் ஹை, சரியா?"

போய்விட்டார். அன்று கப்பலும் இல்லை. கடைகளை அடைத்துவிட்டார்கள். முக்கில் ஒரு நாய்கூட இல்லை.

முருகானந்தம் எதிரே பார்த்தான். பிரவீன்குமார் பொய்க்கணக்குக்கு மசிகிறவன் இல்லை. கேட்டாலும் பயனில்லை. ஒத்துவராவிட்டால் பயல் தூங்கிவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம்... அப்படித்தான் நினைத்தான். காலிச் சாலையைப் பார்த்துக்கொண்டே அழுத்தினான்.

டிக்.

ஓர் ஆள் சாலையைக் கடக்கிற நேரம்தான் போயிருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து... டிக்.

கேலி செய்கிறான் என்று நினைத்தான். மறுபடி அழுத்தினான். அதே இடைவெளி. அதே சத்தம். அவன் நிறுத்தினால் அங்கேயும் நின்றது. வேகமாக அழுத்தினால் அங்கேயும் வேகமாக வந்தது. கடல் வற்றும் வத்தத்தில் அலையாத்திக் காட்டுச் சேறு நாறுமே, அந்த வாடை மூக்கில் ஏறியது. பயந்தான். ஆனாலும் கணக்கு நிறையும்வரை கட்டைவிரலை எடுக்கவில்லை. பிள்ளை உயிராயிற்றே.

பிறகு சாலையைக் கடந்து போனான்.

"என்னடா, விளையாடுறியா?"

"நீ அனுப்புற ஆளத்தாண்ணே எண்ணுறேன்," என்றான் பிரவீன்குமார். "ஏண்ணே அத்தன பேரும் நனஞ்சு வர்றாங்க? மழயே இல்லயே?"

முருகானந்தம் கீழே பார்த்தான். அவன் நின்றிருந்த பக்கம் காய்ந்து கிடந்தது. பிரவீன்குமார் நின்ற இந்தப் பக்கம் நடைபாதை முழுக்க ஈரம்.

கருவியைக் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்தான். கணக்கு ஒத்துப்போனது. சிக்னலும் வந்தது.

விளக்கு எரிந்த முதல் நாள் மாலை, பிரியங்காவை அவனே கையைப் பிடித்து அழைத்துப்போனான். வண்டிகள் நின்றன. நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்தது. எதிரே சாலை காலி. பிள்ளை அசையவில்லை.

"போ பாப்பா. பச்ச விழுந்துருச்சு."

"இருப்பா. முன்னாடி நிக்கிறவங்க போகட்டும்."

முன்னால் யாருமில்லை... அந்தச் சேற்று வாடை மட்டும் வந்தது. அவள் தலை, ஒவ்வொருவராக யாரையோ வழியனுப்புவதுபோல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பச்சை மினுக்கி அணைந்தது. சிவப்பு. மேட்டிலிருந்து டிப்பர் இறங்கும் இரைச்சல்.

"இப்ப நம்ம முறை," என்று பிள்ளை காலை எடுத்து வைத்தாள்.

அவள் வலக்கையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். மூட்டை தூக்கிய உடம்பு... இருந்தும் ஒரு சிறுபிள்ளையை அசைக்க முடியவில்லை. அவளுடைய இடக்கை சாலைப் பக்கம் நீண்டு, இழுத்துக் கட்டிய கயிறுபோல் விறைத்து நின்றது. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டிப்பர் முகத்தில் காற்றை அறைந்துவிட்டுப் போனது. பிறகுதான் அந்தக் கை தளர்ந்தது. பிள்ளை அவன்மேல் வந்து விழுந்தாள்.

அழவில்லை. நிதானமாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்க கேக்குறாங்கப்பா... எங்கள எதுக்குக் கூப்ட்டீங்கன்னு."